மாமியும் நானும் ஓடிய ஓட்டம்

அன்று பூசையில் எல்லோரும் எழுந்து நின்றபோது நான் மட்டும் முழந்தாளில் இருந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் என்னால் எழும்ப முடியவில்லை. எழும்பு என்று நான் சொல்ல, அது யாருக்கோ சொன்னது என்பதுபோலக் கால்கள் பேசாமல் கிடந்தன. முன்னாலிருந்த மர வாங்கைப் பிடித்து, கைகளின் பலத்தில் உடம்பை இழுத்துத்தான் நிமிர்ந்தேன்.

"என்ன பிள்ளை?" என்று மாமி காதோடு கேட்டார்.

"கால் விறைச்சுப் போச்சு மாமி."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். அன்ரனைக் கட்டி வந்த நாளிலிருந்து அவருடைய தாயான மாமியோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறேன். சண்டை பிடித்தது கிடையாது, மனம் விட்டுக் கதைத்ததும் கிடையாது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா, உப்பு இருக்கிறதா, அன்ரன் கரைக்கு வந்துவிட்டாரா. எங்கள் கதையெல்லாம் அவ்வளவில் முடிந்துவிடும்.

என் பெயர் மெற்றில்டா. மன்னார் தீவில் தலைமன்னார் வீதியோரம் எங்கள் வீடு. அன்ரன் கடற்றொழில் செய்கிறார். நான் வீட்டு முன்னறையில் மெசின் வைத்துத் தைக்கிறேன். பள்ளிச் சட்டைகள், கோயிலில் முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகளின் வெள்ளை உடுப்புகள், மார்கழி பிறந்தால் நத்தார் உடுப்புகள். அந்த ஞாயிறும் நத்தாருக்குச் சில வாரங்கள் முன்புதான். வெட்டி வைத்த துணி மேசை நிறையக் கிடந்தது.

அதற்கு முன்னர் எனக்கு நாலைந்து நாள் வயிற்றோட்டம் இருந்தது. மழைக்காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு வருவதுதான். மல்லித் தண்ணீர் குடித்து மாற்றிவிட்டு மறந்துபோனேன். அந்த வயிற்றோட்டம்தான் எல்லாவற்றையும் தொடக்கிவைத்தது என்று பிறகு டொக்டர் சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

திங்கட்கிழமை மெசின் மிதிக்கக் கால் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஊசியில் நூல் கோக்க விரல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கோக்கிறவள் நான். நூலை நாவில் நனைத்து நனைத்துப் பார்த்து, கடைசியில் மகள் நிலானியைக் கூப்பிட்டுக் கோத்துத் தரச் சொன்னேன். புதன்கிழமை குசினியில் விழுந்தேன். தடக்கவில்லை, வழுக்கவும் இல்லை. நின்ற இடத்திலேயே, சுவரோடு வைத்த தும்புக்கட்டை சாய்வதுபோலச் சாய்ந்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த அன்ரன் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஓட்டோவில் இருத்தினார்.

மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் என் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தட்டினால் கால் துள்ள வேண்டுமாம். என் கால் துள்ளவில்லை. இன்னொருதரம் தட்டினார். பிறகு பெரிய டொக்டரைக் கூப்பிட்டார். அவரும் தட்டினார். அந்த நேரம்தான் எனக்குப் பயம் வந்தது. டொக்டர்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், படுத்திருக்கிறவருக்கு வேறு யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

பெரிய டொக்டர் கட்டிலின் ஓரத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வருத்தத்தின் பெயர் கியான் பாரே, அது ஒரு நரம்பு நோய் என்றார். அன்ரன் அதை இரண்டுதரம் சொல்லிப் பார்த்தார்.

"வயித்துக்குள்ள வந்த கிருமியோட சண்டை பிடிக்கவெண்டு உங்கட உடம்பு ஆக்களை அனுப்பினது. அவையள் ஆள் மாறி உங்கட நரம்பையே அடிக்கினம். கரண்ட் வயருக்கு மேல உறை இருக்குதெல்லோ? நரம்புக்கும் அப்பிடி ஒண்டு இருக்கு. அது கிழிஞ்சால் மூளை சொல்லுறது காலுக்குப் போய்ச் சேராது."

"மாறுமோ டொக்டர்?" என்று அன்ரன் கேட்டார்.

"கனபேருக்கு மாறும். ஆனால் முதல்ல கீழ இருந்து மேல ஏறும். ஏறி நிண்டு, பிறகு இறங்கும். இறங்கத்தான் கனநாள் எடுக்கும்."

"எவ்வளவு மேல ஏறும்?"

"அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கப் போறம்" என்றார் அவர். ஒளிக்காமல் சொன்னதற்காக அவருக்கு இன்றும் நன்றியாக இருக்கிறேன்.

பெண்கள் வாட்டில் நோயாளியோடு நிற்கப் பெண்களைத்தான் விடுவார்கள். அன்ரன் பார்வை நேரத்துக்கு மட்டும் வந்து போகலாம். என் அக்கா நானாட்டானில் இருக்கிறாள். அவள் நிலானியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். அப்போ என்னோடு யார் நிற்பது என்ற கேள்வியை யாரும் கேட்பதற்கு முன்னரே மாமி வாட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு பை. தலையணை, சுடுதண்ணீர்ப் போத்தல், துவாய், செபமாலை.

எனக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு காலத்தில் மாமியின் முன்னால் தலைமயிரைக்கூட அவிழ்த்துக் கட்டியிராதவள் நான். இப்போது அவர் என்னைத் துடைக்க வேண்டும், உடுப்பு மாற்ற வேண்டும், கட்டிலில் சட்டி வைத்து எடுக்க வேண்டும். முதல் நாள் நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

"இஞ்ச பார் பிள்ளை" என்றார் மாமி. "வெக்கமெண்டால் எழும்பிப் போய் நீயே கழுவிப்போட்டு வா. ஏலாதெண்டால் பேசாமல் கிட."

எனக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு கூச்சம் வரவில்லை.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் கால் வேலை செய்யாதென்றால் வலியும் இருக்காது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முதல் நாட்களில் பாதங்கள் நெருப்பில் வைத்ததுபோல எரிந்தன. மேலே போர்த்திய சீலை பட்டாலே உயிர் போனது. போர்க்காவிட்டாலோ குளிர். மாமி ஒருநாள் காலையில் வெளியே போய், எங்கேயோ ஒரு பெரிய பிஸ்கட் மட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தார். அதன் இரண்டு பக்கத்தையும் வெட்டி, பாலம்போல என் கால்களுக்கு மேலே கவிழ்த்து வைத்து, அதற்கு மேலே சீலையைப் போர்த்தார். சீலை படாமல் கால்கள் உள்ளே சூடாகக் கிடந்தன. வாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த டொக்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பி வைத்தார்.

கால், கை, பிறகு நெஞ்சு. வருத்தம் நெஞ்சுக்கு ஏறுகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் எண்ணுகிறோம் என்று தாதிமார் வந்து கேட்பார்கள். அவர்கள் வராத நேரத்தில் மாமி தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். அருள் நிறைந்த மரியே செபத்தை ஒரே மூச்சில் சொல்லச் சொல்வார். முதல் நாள் முழுதாகச் சொன்னேன். அடுத்த நாள் கடைசி வரியில் மூச்சு முட்டியது. அதற்கு அடுத்த நாள் பின்னேரம் பாதியைத் தாண்டவில்லை. பாதியில் நின்று வாயைத் திறந்து மூடினேன். மாமி என் முகத்தைப் பார்த்தார். சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அவருக்கு அறுபத்தெட்டு வயது. நான் கட்டிலில் கிடந்தபடி அவருடைய செருப்புச் சத்தம் வாட்டின் நீளத்துக்கும் ஓடிப்போவதைக் கேட்டேன். "மிஸ்! மிஸ்! பிள்ளைக்கு மூச்சு வருகுதில்லை!"

அன்றே என்னையும் மாமியையும் அம்புலன்சில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் வைத்து, இயந்திரம் எனக்காக மூச்சு விட்டது. அது எப்படி இருந்தது என்று கனபேர் கேட்கிறார்கள். நினைவு முழுதாக இருந்தது. கேட்டது, விளங்கியது. விரல்கூட அசைக்க முடியவில்லை, சத்தமும் வரவில்லை. ஒருதரம் கண்ணை மூடினால் ஓம், இரண்டுதரம் மூடினால் இல்லை. அங்கே ஒரு சிங்களத் தாதி இருந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். "அக்கா, பயம் வேணாம். நான் இங்க" என்பாள். வேறொன்றும் சொல்லத் தெரியாததாலோ என்னவோ, அதையே நாள் முழுதும் சொன்னாள். நான் ஒவ்வொரு தடவையும் ஒருதரம் கண்ணை மூடினேன்.

ஊசி வழியாக ஒரு மருந்து ஏற்றினார்கள். நலமாக இருக்கிற நிறையப் பேர் தானம் செய்த இரத்தத்திலிருந்து எடுப்பது என்று டொக்டர் அன்ரனுக்கு விளங்கப்படுத்தினார். ஆள் மாறி அடிக்கிறவர்களை அது அடக்குமாம். அரசாங்க ஆஸ்பத்திரியென்றபடியால் எங்களிடம் காசு எதுவும் கேட்கவில்லை. போத்தலிலிருந்து துளித்துளியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, முகம் தெரியாத அந்த மனிதர்களை நினைத்தபடி கிடந்தேன். அவர்களில் யாராவது ஒருவர் தையல்காரராக இருப்பார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

அன்ரன் கதை குறைந்த மனிதர். ஆனால் அங்கே வந்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் கதைத்துக்கொண்டே இருந்தார். "இண்டைக்கு நண்டு நல்லாப் பட்டது. கணவாயும் கொஞ்சம். காத்துக் கொஞ்சம் எழும்பினதால வெள்ளனத் திரும்பிட்டம்." கடலுக்குப் போய்விட்டு நேராகப் பேருந்து பிடித்து வருகிறார் என்று நினைத்தேன். வீட்டில் அடுப்பு எரிகிறது என்று மனம் ஆறியது. என் கால்விரல்களுக்கு அவர் எண்ணெய் தடவுவது கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. எரிவு போய், பாதங்கள் முழுதாக மரத்துப் போயிருந்தன.

குழாயை எடுத்து, குரல் திரும்பிய பிறகு மாமியிடம் சொன்னேன், "பாவம், தொழிலுக்கும் போய்க்கொண்டு இஞ்சயும் வந்து..."

"ஆர், அவனோ?" என்றார் மாமி. "அவன் எங்க கடலுக்குப் போனவன்? வெளியில வேப்பமரத்துக்குக் கீழதான் நாள் முழுக்க இருந்தவன். காலமை காலமை வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டிக்குப் போன் எடுத்து, கரையில என்ன பட்டதெண்டு கேப்பான். அதைத்தான் உனக்கு வந்து சொன்னவன்."

வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்டேன். அவரோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறவர்கள் மீனைக் கொண்டுவந்து அக்கா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்களாம். நான் தைத்துக் கொடுக்க இருந்த நத்தார் உடுப்புகளை, எங்கள் வீதியில் தைக்கிற மற்றப் பெண்கள் வெட்டிய துணியோடு தூக்கிக்கொண்டு போய்த் தைத்து, என் கணக்கிலேயே பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். நத்தார் வந்து போனதே எனக்குத் தெரியாது.

தைப்பொங்கல் கழிந்து மன்னார் ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பினார்கள். மூச்சு என்னுடையதாகியிருந்தது. கைகள் கொஞ்சம் வந்திருந்தன. கால்கள் இன்னும் வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பார்வதி என்றொரு பெண். மலைநாட்டிலிருந்து சிறுவயதில் வந்து முருங்கன் பக்கம் குடியேறியவள். சீனி வருத்தத்தால் ஒரு காலின் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். வாட்டிலேயே அவளுடைய சிரிப்புத்தான் பெரிது.

"அக்கா, உங்களுக்குப் பத்து வெரலும் இருக்குது, நடக்க மாட்டேங்குது. எனக்கு எட்டுத்தான், நல்லா நடக்குது. கடவுள் கணக்கு என்னான்னு பாருங்க" என்பாள். பிறகு வந்து என் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கி நீட்டிவிடுவாள். பிசியோ மிஸ் செய்வதைப் பார்த்துப் பழகியது.

பிசியோ மிஸ் தர்சினி, கால் கைகளுக்குப் பயிற்சி தருகிறவர். முன்பு ஏதோ சாமான் அறையாக இருந்த ஒடுங்கிய இடம்தான் அவருடைய பயிற்சி அறை. இரண்டு பக்கமும் பிடித்து நடக்கிற கம்பிகள் ஒரு சோடி. அதில் ஒரு கம்பி ஆடும். ஒருவர் நடக்கும்போது மற்றவர்கள் வெளியே விறாந்தையில் காத்திருக்க வேண்டும். அந்தக் கம்பிகளுக்கு நடுவில் நான் முதல்தரம் எழுந்து நின்றபோது, என் உயரத்திலிருந்து நிலத்தைப் பார்க்கத் தலை சுற்றியது. மாமி முன்னால் நின்று, "என்னைப் பார், நிலத்தைப் பாராதை" என்றார். நிலத்தைப் பார்க்காமல் எப்படி? பாதம் தரையில் இருக்கிறதா என்று எனக்குக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அடியில் ஒரு உணர்ச்சியும் இல்லை.

வாரத்தில் ஒருநாள் மிஸ் என் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் குண்டூசியால் மெல்லத் தொடுவார். "இப்ப தெரியுதோ அக்கா?" என்பார். தெரியவில்லை. "இப்ப?" தெரியவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட ஆசை வரும், அவருக்காக. தசை வந்துவிடும், உணர்ச்சி எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

தவக்காலம் தொடங்கும்போது வீட்டுக்கு விட்டார்கள். ஒரு கையில் ஊன்றுகோல், இடது கணுக்கால் தொங்காமல் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி. பயிற்சிக்கு மட்டும் போய் வந்தேன். அப்படிப் போன ஒருநாள்தான் மிஸ் அந்தக் கதையை எடுத்தார்.

"அக்கா, உயிர்த்த ஞாயிறு முடிய ஓட்டம் ஒண்டு வைக்கினம். எங்கட அறைக்குத்தான். புதுக் கம்பி வாங்க, மிதிக்கிற சைக்கிள் வாங்க. வேகமா ஓடுறாக்களும் ஓடலாம், பிள்ளையளோட பகிடியா ஓடுறாக்களும் ஓடலாம். நீங்களும் வரவேணும்."

"என்ன மிஸ், பகிடி பண்ணுறீங்களோ?"

"ஐயோ, ஓடச் சொல்லேல்ல. தொடங்கிற இடத்தில ஒரு கதிரை போடுவம். ஆருக்காக ஓடுறம் எண்டு சனத்துக்குத் தெரியட்டும்."

அவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஓட்டோவில் வீடு வரும்வரை அழுதேன். வந்ததும் மாமியிடம் சொன்னேன், "என்னைக் கதிரையில வைச்சுக் காட்டப் போகினமாம்."

மாமி இறால் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "கதிரையில இருக்க விருப்பமில்லையெண்டால் இருக்காதை. ஓட்டத்துக்கெண்டுதானே கூப்பிட்டது? ஓட்டத்துக்குப் போ."

"என்னெண்டு மாமி ஓடுறது?"

"ஓட ஏலாட்டி நட. நானும் வாறன்."

"நீங்களோ?"

"அண்டைக்கு வாட்டில ஓடினனான்தானே. அப்ப ஆராவது வயசு கேட்டவையோ?"

அடுத்த பயிற்சிக்குப் போனபோது மிஸ்ஸிடம் சொன்னேன்: கதிரை வேண்டாம், எல்லோரையும்போல எனக்கும் மாமிக்கும் இலக்கம் தரவேண்டும். அவருடைய கண் கலங்கியது. "ஓம் அக்கா" என்றார். "நான் அப்பிடி யோசிச்சிருக்க வேணும்."

முதலே சொல்லிவிடுகிறேன், அந்த ஓட்டத்தை நாங்கள் முடிக்கவில்லை. திரும்பி வந்தது வாகனத்தில்தான். இதை எழுதும்போதும் இடது காலில் தாங்கி இருக்கிறது. மோட்டர் பூட்டிய மெசினில் கொஞ்சம் கொஞ்சமாகத் தைக்கிறேன். பார்வதிக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பினேன். ஓட்டத்தில் சேர்ந்த காசைக் கொண்டு ஆடாத கம்பிகள் வாங்கிவிட்டார்கள். இனி அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன்.

வெயில் ஏறுவதற்கு முன்னர் நகரத்து மைதானத்தில் சனம் கூடியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள், தாதிமார், கடைக்காரர், எங்கள் பங்குச் சுவாமியார், தொப்பியும் கழற்றாமல் வந்த மதரசாப் பையன்கள், பிள்ளையைத் தோளில் வைத்திருந்த தகப்பன்மார். எல்லோருக்கும் ஒரே நீல நிற ரீசேட். மாமி அதைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டார். சேலைத் தலைப்பு எந்தப் பக்கத்தால் வருவது என்பதில் கொஞ்சம் சிக்கல் வந்து, கடைசியில் கழுத்துக்குள்ளால் இழுத்துவிட்டார். கழுத்து மடிப்பின் தையல் சரியில்லை என்பதை நான் பார்த்ததுமே கண்டுகொண்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

அன்ரன் வெள்ளனவே பாலத்தடிக்குப் போய்விட்டார். தீவையும் பெருநிலத்தையும் சேர்க்கிற பாலத்துக்குக் கிட்ட, ஓடுகிறவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்கிற மேசை அவருடைய பொறுப்பு. நான் கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். நான் நினைத்ததும் அதைத்தான்.

விசில் ஊதியதும் சனம் ஒரேயடியாகப் பாய்ந்தது. தூசி அடங்கியபோது வீதியில் நானும் மாமியும்தான் நின்றோம். பின்னால், யாருக்காவது ஏதும் ஆனால் ஏற்றுவதற்கென்று ஒரு வான். அதன் சாரதி யன்னலால் தலையை நீட்டி, "ஆறுதலா நடவுங்கோ அக்கா, எனக்கு அவசரமில்லை" என்றார்.

ஊன்றுகோல், இடது கால், வலது கால். நான் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பார்வையை எடுத்தால் கால் எங்கே இருக்கிறதென்று தெரியாது. மாமி வீதியைப் பார்த்தார், எனக்கும் சேர்த்து. "இஞ்ச குழி. இஞ்ச கல்லு. இனி நல்ல றோட்டு." கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யாரும் கை தட்டவில்லை. அது நல்லதாகப் போயிற்று. ஒரு வயது போன மனிதர் தன் சைக்கிளை ஓரமாக இழுத்து எங்களுக்கு வழி விட்டார். அவ்வளவுதான்.

திரும்பலாம் என்று நான் நினைத்திருந்த சந்தி வந்தது. மாமி என்னைப் பார்த்தார். நான் நேரே நடந்தேன். அவரும் கூடவே வந்தார்.

கோட்டைக்குக் கிட்ட ஐந்தாறு கழுதைகள் வீதியை மறித்துக்கொண்டு நின்றன. எங்கள் ஊரில் கழுதைகளுக்குத்தான் முதல் மரியாதை. ஓடினவர்களுக்கு அவை எப்படி வழி விட்டனவோ தெரியாது, எங்களுக்கு விடவில்லை. மாமி ரீசேட்டின் நுனியை ஆட்டிப் பார்த்தார். ஒரு குட்டி வந்து அதை மணந்து பார்த்தது. வேறு வழியில்லாமல் நாங்கள் தார் வீதியை விட்டிறங்கி, ஓரத்து மணலில் சுற்றிக்கொண்டு போனோம். மணலில் சப்பாத்துப் புதைந்தது. மாமி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். திரும்ப வீதியில் ஏறியபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

முன்னால் கடல் தெரிந்தது. பாலத்தடியில் அன்ரனின் மேசையும், நீல ரீசேட்டில் அவருடைய முதுகும் சின்னதாகத் தெரிந்தன. வேகமாக ஓடியவர்கள் பாலத்தைத் தொட்டுவிட்டு எங்களுக்கு எதிராகத் திரும்பி வரத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் கொஞ்சத் தூரம்தான்.

"மாமி, கொஞ்சம் நில்லுங்கோ" என்றேன். "சப்பாத்துக்குள்ள என்னவோ குத்துது."

"கழட்டிப் பாப்பம்" என்று மாமி குனிந்து என் வலது சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். அவிழ்த்த கை அப்படியே நின்றது. முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"இப்ப என்ன சொன்னனி?"

"என்னவோ குத்துது எண்டு..." அப்போதுதான் என் காதில் நான் சொன்னது விழுந்தது.

"எங்க?"

"வலது காலில. பெருவிரலுக்குக் கீழ."

மாமி வீதியோரத்து மதகில் என்னை இருத்தினார். சப்பாத்தைக் கழற்றித் தட்டினார். மணலோடு ஒரு சிப்பித் துண்டு விழுந்தது, சுண்டுவிரல் நகமளவு. அவர் அதை எடுத்தார். என் பாதத்தைத் தன் மடியில் வைத்து, அந்தத் துண்டால் மெல்ல அழுத்தினார்.

"இப்ப?"

"நோகுது."

"கண்ணை மூடு. இப்ப எங்க?"

"குதியில. ஐயோ மாமி, நோகுது!"

மாமி எழுந்து நின்றார். கைகள் இரண்டையும் வாயருகே குவித்து, கரையிலிருந்து வள்ளத்தைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார்.

"அன்ரன்! அடேய் அன்ரன்! இவளுக்குக் கால் நோகுதடா!"

ஓடி வந்துகொண்டிருந்த ஒரு பிள்ளை பயந்துபோய் நின்றுவிட்டாள். "அன்ரி, அம்புலன்ஸ் கூப்பிடவோ?" என்றாள். வான் சாரதி இறங்கி ஓடிவந்தார். மாமியோ சிரித்துக்கொண்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டும், "வேண்டாம் பிள்ளை, ஒண்டும் வேண்டாம், அவளுக்குக் கால் நோகுது" என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தினார். அவளுக்கு விளங்கியிருக்காது. நானும் பேச முடியாத அளவுக்குச் சிரித்தேனோ அழுதேனோ தெரியாது.

அன்ரன் கையிலிருந்த சாடியை மேசையில் வைத்தாரா, கீழே போட்டாரா, நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அன்று உண்மையாக ஓடியது அவர் ஒருவர்தான். நாங்கள் இருந்த இடம்வரை நிற்காமல் ஓடிவந்தார். வந்து, மூச்சிரைக்கத் தார் வீதியில் முழந்தாளிட்டு, என் காலைக் கையில் எடுத்தார்.

"எங்க நோகுது?" என்றார்.

காட்டினேன்.

"எங்க?" என்று இன்னொருதரம் கேட்டார்.

இன்னொருதரம் காட்டினேன்.